இஸ்ஸே மியாகேயின் 1994 வசந்தகால உடைகள்: துணி, மடிப்பு, நிறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியாகே யார்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஒரு வரியில் அடங்க மாட்டார். ஜப்பானிய ஃபேஷன் டிசைனர், 1938இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர், அணுகுண்டு விழுந்தபோது ஏழு வயது. டோக்கியோவில் கிராஃபிக் டிசைன் படித்தார், 1965இல் பாரிஸ் போய் கீ லரோஷ், ஜிவான்ஷி என்ற டிசைனர்களிடம் வேலை பார்த்தார், நியூயார்க்கில் ஜெஃப்ரி பீனிடம் கொஞ்ச காலம் இருந்தார், 1970இல் ஊர் திரும்பி டோக்கியோவில் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார். 2022 ஆகஸ்டில் காலமானார். ஸ்டீவ் ஜாப்ஸ் போட்டிருந்த அந்தக் கழுத்து மூடிய கருப்புச் சட்டை இவர் கொடுத்தது என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்தச் சட்டையை வைத்து இவரை அளக்கப் பார்த்தால் ஒன்றுமே பிடிபடாது.

அவர் எத்தனையோ தொகுப்பு போட்டிருக்கிறார். ஏன் 1994 வசந்தகாலம்?

1988இல் மடிப்புத் துணியைக் கையில் எடுத்தவர், பல பருவங்களாக அதை உருட்டிப் புரட்டிக்கொண்டே இருந்தார். 1990 வசந்தகாலத்தில் வந்த மடிப்பு உடைகள் சிலவற்றைத் தரையில் விரித்தால் வட்டமாகவும் சதுரமாகவும் தட்டையாகக் கிடக்கும், ஆள் உள்ளே போன பிறகுதான் அது உடை என்றே தெரியும். 1993இல் ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ என்று தனி பிராண்டே தொடங்கியாயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் பாரிஸில் காட்டியதுதான் 1994 வசந்த, கோடைத் தொகுப்பு. (ஃபேஷன் உலகத்தில் இப்படித்தான், அடுத்த கோடைக்கான உடை முந்தின அக்டோபரிலேயே மேடை ஏறிவிடும்.) துணி, உடம்பில் அது விழும் விதம், நிறம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பேசவே முடியாத அளவுக்கு ஒன்றாகக் குழைந்து வந்தது இந்தத் தொகுப்பில்தான் என்பது என் கருத்து. 1995 வசந்தகாலத்தில் வந்த மினாரெட் உடைதான் உச்சம் என்று சொல்பவர்களும் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.

துணி என்ன? பார்க்க பட்டு மாதிரி இருக்கிறதே.

பாலியெஸ்டர். பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். நம் ஊரில் பாலியெஸ்டர் என்றால் மலிவு, வேர்வை, சரசரப்பு என்று ஒரு எண்ணம் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மியாகே அதை எடுத்ததற்குக் காரணம் விலை இல்லை. பாலியெஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது இருந்த நிலையிலேயே நின்றுவிடும். சூடாக்கி ஒரு வடிவத்தில் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால், நூலின் உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூறுகள் அந்த வடிவத்திலேயே உறைந்து போகின்றன. மறுபடி அதே அளவு சூடு படும்வரை அவை நகராது. பருத்திக்கும் பட்டுக்கும் இந்தக் குணம் கிடையாது. அவற்றில் இஸ்திரிப் பெட்டி போடும் மடிப்பு ஈரம் பட்டதும் அவிழ்ந்துவிடும்.

சரி, எந்த பாலியெஸ்டராக இருந்தாலும் போதுமா? போதாது. துணி மெல்லியதாக, எடையே இல்லாததாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூன்று பங்கு துணி ஒரு பங்கு அகலத்துக்குள் நெருங்கி உட்காரப் போகிறது. கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடும். அதே நேரம் துவண்டு விழுந்தால் மடிப்பின் விளிம்பு நிற்காது, விறைப்பும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நூலையும் நெசவையும் பிடிப்பதுதான் வேலையே. மியாகே ஸ்டுடியோவில் ஆரம்பத்திலிருந்தே துணிப் பிரிவைக் கவனித்தவர் மாகிகோ மினாகவா. டிசைனரின் பெயர் மட்டும் வெளியே தெரிவது இந்தத் தொழிலின் வழக்கம், ஆனால் மியாகேயின் துணிகளைப் பற்றிப் பேசும்போது இந்த அம்மாவின் பெயரைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

மடிப்பை எப்படிப் போடுகிறார்கள்?

வழக்கமான முறை இது: துணியை முதலில் மடிப்பு எந்திரத்தில் விட்டு ப்ளீட் எடுப்பார்கள், பிறகு வெட்டுவார்கள், கடைசியில் தைப்பார்கள். பள்ளிச் சீருடைப் பாவாடையெல்லாம் அந்த வழிதான். மியாகே இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் வெட்டு, அப்புறம் தையல், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மடிப்பு.

அதாவது ஒரு மேல்சட்டையை, போடப் போகிற அளவைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக வெட்டி, கை, கழுத்து, ஓர மடிப்பு எல்லாம் முடித்து முழுசாகத் தைத்துவிடுவார்கள். அந்த நிலையில் அதைப் பார்த்தால் யாருக்கும் ஆகாத ராட்சதச் சட்டை. அதை மேஜைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள் வைத்து நடுவில் படுக்க வைப்பார்கள். அப்புறம் இருவர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, தாளோடு சேர்த்து எந்திரத்துக்குள் மெதுவாகச் செலுத்துவார்கள். உள்ளே தகடு தாளையும் துணியையும் ஒன்றாக மடித்துத் தள்ளும், சூடான அழுத்தம் அதை நிலைக்க வைக்கும். மறுபக்கம் வெளியே வருவது விசிறி மாதிரி மடிந்த ஒரு தாள் கட்டு. ஆறிய பிறகு தாளைப் பிரித்தால் உள்ளே கையகலத்தில் சட்டை. தாள் ஏன் என்றால், துணி வழுக்கும். தாள் பிடித்துக்கொள்ளும், மடிப்பும் கத்தி விளிம்பு போல் வரும், சூடும் நேராகத் துணியில் படாது.

செலுத்தும்போது துணி ஒரு விரல்கடை கோணினாலும் மடிப்பு முழுக்கச் சாய்ந்து போகும். எந்திர வேலை என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்த நான்கு கைகள் இல்லாவிட்டால் எந்திரத்தால் ஒன்றும் ஆகாது.

வரிசையை மாற்றியதால் என்ன பெரிய லாபம்? மடித்த துணியையே வாங்கித் தைத்துவிடலாமே?

தைத்துப் பாருங்கள், தெரியும். மடித்த துணியை வெட்டினால் வெட்டிய இடத்தில் மடிப்பு விரிந்துகொள்ளும். தையல் போட்டால் தையல் ஓடும் கோட்டில் மடிப்பு நசுங்கி நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். தோள், அக்குள், கழுத்து என்று தையல் வரும் இடமெல்லாம் துணி இழுபடாமல் விறைத்து நிற்கும், மற்ற இடம் மட்டும் இழுபடும். உடை ஒரே பொருளாக அசையாது.

தைத்த பிறகு மடித்தால் தையலும் சேர்ந்தே மடிகிறது. ஓரம் மடிகிறது, கழுத்து மடிகிறது. அதனால் உடை முழுவதும் ஒரே சீராக விரிந்து சுருங்கும். பட்டன், ஜிப் எதுவும் தேவைப்படாமல் தலைவழியே போட்டுக்கொள்ளலாம், கழுத்து தலைக்கு வழிவிட்டுத் திரும்பப் பழைய நிலைக்கு வந்துவிடும். இன்னொரு விஷயம், தைக்கும்போது வெறும் தட்டைத் துணிதான் என்பதால் வெட்டு ரொம்ப எளிமையாக இருக்கலாம்: சதுரம், செவ்வகம், வட்டம். டாட் பிடிப்பது (உடம்பின் வளைவுக்காகத் துணியை உள்ளே பிடித்துத் தைப்பது), இடுப்பை வளைப்பது என்ற தலைவலி கிடையாது. உடம்புக்கேற்ற வளைவை மடிப்பு பார்த்துக்கொள்ளும்.

‘பறக்கும் தட்டு’ உடை என்கிறார்களே, அது இந்தத் தொகுப்பில் உள்ளதா?

ஆமாம், 1994 வசந்தகாலத்தின் புகழ்பெற்ற உடுப்பு அதுதான். மற்ற மடிப்பு உடைகளில் மடிப்பு பெரும்பாலும் நெடுக்கில் ஓடும், மேலிருந்து கீழே. இதில் மடிப்புகள் உடம்பைச் சுற்றி வளையமாகப் போகின்றன, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக. போட்டுக்கொண்டு நின்றால் உடம்பைச் சுற்றிப் பல வட்டத் தட்டுகள் மிதக்கிற மாதிரி இருக்கும், கைகளும் அப்படியே. ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு நிறப் பட்டை. கழற்றி மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினால் ஜப்பானியக் காகித விளக்கு மாதிரி அப்படியே கீழே இறங்கி வட்ட வட்டமாகப் படிந்துவிடும். கழுத்துப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் மறுபடி உடை.

அணிந்தவர் ஒரு எட்டு எடுத்து வைத்தாலே அடுக்குகள் மேலும் கீழும் குதிக்கும். கை தூக்கினால் கைப்பகுதி நீளும், இறக்கினால் அடுக்கிக்கொள்ளும். இதை நிற்கும் படத்தில் பார்த்துவிட்டு “யார் இதைப் போடுவார்கள்?” என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, நின்றால் அது ஒரு பொம்மைதான்.

இதில் டிரேப்பிங் எங்கே இருக்கிறது? எல்லாம் எந்திரம் செய்வதுதானே?

நல்ல கேள்வி, அடிக்கடி வரும் கேள்வியும்கூட. பாரிஸில் டிரேப்பிங் என்றால் பொம்மைமேல் துணியைப் போட்டு, இழுத்து, ஊசி குத்தி, கத்தரித்து வடிவம் கொண்டுவருவது. பாரிஸ் டிசைனர் மதாம் கிரே பட்டு ஜெர்சியை (இழுபடும் பின்னல் துணி) கையாலேயே நுணுக்கமாக மடித்து மடித்து கிரேக்கச் சிலை போன்ற உடைகளைச் செய்தார், மீட்டர் கணக்கில் துணி சில விரல்கடை அகலத்துக்குள் அடங்கிவிடும். இன்னொரு பாரிஸ் டிசைனர் வியோனே துணியைக் குறுக்காக வெட்டினார், நம் தையல்காரர்கள் கிராஸ் என்பார்களே அதுதான். பாவும் ஊடையும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) சாய்வாக விழுவதால் துணி தானே உடம்பில் வழிந்து படியும். இரண்டு பேரிடமும் துணி எப்படி விழ வேண்டும் என்பதை டிசைனரின் கை முடிவு செய்கிறது. உடை கடைக்கு வரும்போது டிரேப் முடிந்திருக்கும்.

மியாகே விழும் விதத்தைத் துணிக்குள்ளேயே வைத்துவிட்டார். எங்கே விரிய வேண்டும், எங்கே சுருங்க வேண்டும் என்பது ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு அசைவிலும் புதிதாக நடக்கிறது. மார்பில் மடிப்பு திறக்கும், இடுப்பில் மூடும், உட்கார்ந்தால் மடியில் திறக்கும். அதனால் அவருடைய டிரேப் என்பது போட்டுக்கொள்பவர் செய்வது. இந்தத் தொகுப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். எழுபதுகளிலிருந்தே அவருக்கு ஒரே துண்டுத் துணியும் உடம்பும், நடுவில் இருக்கும் இடைவெளியும் என்பதுதான் கணக்கு. மடிப்பு அந்தக் கணக்குக்குக் கிடைத்த நல்ல விடை.

சேலைக் கொசுவமும் இதுவும் ஒன்றா? பட்டுச் சேலையில் இப்படி நிரந்தரமாக மடிப்பு எடுக்க முடியுமா?

கொசுவம் ஒவ்வொரு நாளும் விரலில் பிறக்கிறது, அவிழ்த்தால் போய்விடும். அதுதான் சேலையின் அழகும். நாளைக்கு வேறு மாதிரி கட்டலாம். இங்கே மடிப்பு துணியின் உடம்போடு ஒட்டியது. தைக்காத ஒரு நீளத் துணியை உடம்பே வடிவமாக்குகிறது என்ற அளவில் இரண்டுக்கும் உறவு உண்டு, அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

பட்டில் நிரந்தரமாகப் போட முடியாது. இப்போது கல்யாணத்துக்கு முந்தின நாளே சேலைக்கு ப்ளீட் எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிப் பெட்டிபோல மடித்துக் கொடுக்கிறார்களே, அது அந்த ஒரு நாளுக்குத் தாங்கும். அடுத்து ஈரமோ எடையோ பட்டால் தளர்ந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, ஜரிகைச் சேலையில் நிரந்தர மடிப்பு விழுந்தால் அது சேதம் என்றுதான் அர்த்தம்.

இதற்கு முன் யாருமே இதைச் செய்யவில்லையா?

செய்தார்கள். மரியானோ ஃபோர்டுனி வெனிஸில் செய்த டெல்ஃபோஸ் உடையைச் சொல்லாமல் மடிப்பைப் பற்றிப் பேச முடியாது. 1909இல் காப்புரிமை எடுத்தது. மெல்லிய பட்டு, நூற்றுக்கணக்கான ஒழுங்கற்ற நுண்மடிப்புகள், ஓரத்தில் துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கக் கண்ணாடி மணிகள். அதை உருவாக்கியதில் அவருடைய மனைவி ஹென்ரியெட்டின் பங்கு பெரிது. அந்த உடையைத் தொங்கவிட மாட்டார்கள், நூல் கண்டு மாதிரி முறுக்கி வட்டப் பெட்டிக்குள் வைப்பார்கள். ஆனால் பட்டு பட்டுதானே, தண்ணீர் பட்டால் மடிப்பு போச்சு. திரும்ப மடிப்பதற்கு அவரிடமே அனுப்ப வேண்டும்.

ஃபோர்டுனியின் உடை போட்டவர் மழைக்குப் பயப்பட வேண்டும், மியாகேயின் உடை போட்டவர் அதை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் 2016இல் கைவேலையையும் எந்திர வேலையையும் அருகருகே வைத்து நடந்த கண்காட்சியில் இந்த இரண்டு பேருடைய மடிப்புகளும் இடம்பெற்றன.

நிறத்தில் என்ன விசேஷம்? வானவில் மாதிரி அடித்துவிட்டால் ஆயிற்றா?

படத்தில் அப்படித்தான் தோன்றும். நேரில் நடப்பது வேறு. ஒரு மடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: அதற்கு இரண்டு சரிவு. ஒன்று வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறது, இன்னொன்று நிழலில் இருக்கிறது. எனவே ஒரே சாயத்தில் தோய்த்த துணிகூட எப்போதும் இரண்டு நிறமாகத்தான் கண்ணுக்குப் போகும். ஆள் திரும்பினால் வெளிச்சச் சரிவு நிழலாகும், நிழல் வெளிச்சமாகும். சிவப்பு நடந்துகொண்டே மெரூன் ஆகித் திரும்பவும் சிவப்பாகும்.

மயில்கழுத்து நிறப் பட்டுத் துணியை ஆட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் அங்கே பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று நிறம் நெசவிலேயே இரண்டாக இருக்கிறது. இங்கே சாயம் ஒன்றுதான், வடிவம் அதை இரண்டாக்குகிறது.

இதற்குமேல் பறக்கும் தட்டு உடையில் பட்டைகளே பல நிறம். அடுக்குகள் மூடியிருக்கும்போது பக்கத்துப் பக்கத்து நிறங்கள் நெருங்கி ஒரு கலவையாகத் தெரியும். அடுக்கு திறந்தால் உள்ளே ஒளிந்திருந்த பட்டை திடீரென்று அகலமாகும். அதாவது எந்த நிறம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையும் நடைதான் முடிவு செய்கிறது.

சாயத்தின் பங்கும் உண்டு. பாலியெஸ்டருக்குப் போடுவது டிஸ்பர்ஸ் சாயம், சுமார் 130 டிகிரி செல்சியஸில் அழுத்தத்தில் நூலுக்குள்ளேயே இறங்கும். நிறம் கண்ணைப் பறிக்கும் அளவுக்குத் தெளிவாக வரும், துவைப்பதில் லேசில் போகாது. பருத்தியில் இந்தப் பளிச்சை எதிர்பார்க்க முடியாது. எனக்கு அந்தப் பளிச் சில சமயம் அதிகமாகவே படும், குறிப்பாக மஞ்சள்.

ஜப்பானிய டிசைனர் என்றால் கருப்புதானே?

அந்தப் பெயர் வந்தது ரெய் கவாகுபோவாலும் யோஜி யமமோட்டோவாலும். 1981இல் அவர்கள் பாரிஸ் வந்தபோது கருப்பும் கிழிசலும் தொளதொளப்புமாகக் காட்டி எல்லாரையும் அதிர வைத்தார்கள். பத்திரிகைகள் மூவரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டன. மியாகே அவர்களுக்கு முன்னாலேயே, 1973இலிருந்தே பாரிஸில் காட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய வசந்தகால மேடைகளில் கருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

துணிமேல் படம் அச்சிட்ட மடிப்பு உடைகள் உண்டா?

இந்தத் தொகுப்புக்குப் பிறகு வந்தன. 1996இலிருந்து நான்கு கலைஞர்களை வரிசையாக அழைத்தார்: யாசுமாசா மோரிமுரா, நோபுயோஷி அராகி, டிம் ஹாக்கின்சன், சாய் குவோ சியாங். மடிப்பு மூடினால் படம் மறையும், இழுத்தால் வெளியே வரும். சாய் குவோ சியாங் வெடிமருந்தைக் கொளுத்தி உடைகள்மேல் டிராகன் வடிவத்தைச் சுட்டெடுத்தார். பார்க்க அருமை, ஆனால் என் ஓட்டு படம் இல்லாத, வெறும் நிறப் பட்டைக்குத்தான்.

யார் போட்டாலும் பொருந்துமா? பருமனானவர்கள்?

துணி இழுபட்டு விரிகிற அளவுக்குப் பொருந்தும், அந்த அளவு நிறையவே. நெடுக்கு மடிப்பில் பக்கவாட்டில் தாராளமாக விரியும், உயரத்தில் விரியாது. அதனால் அகலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நீளத்தை மட்டும் பாருங்கள். ஆனால் ரொம்ப இறுக்கமாக விரிந்து நின்றால் மடிப்பின் இரண்டு சரிவும் தட்டையாகி நிற விளையாட்டு போய்விடும், வெறும் கோடு போட்ட துணிபோல ஆகிவிடும். கொஞ்சம் தளர்வாக எடுப்பதே நல்லது. கர்ப்பிணிகள், ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் வயிறு மாறுகிறவர்கள் (எல்லாரும்தான்!) இதை விரும்புவதில் ஆச்சரியம் இல்லை.

நடனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1991இல் வில்லியம் ஃபோர்சைத்தின் ஃபிராங்க்ஃபர்ட் பாலே குழுவுக்கு மடிப்பு உடை கொடுத்தார் மியாகே. ஆடுபவர்கள் குதிப்பதையும் உருளுவதையும் உடை தடுக்கவில்லை, அசைவைப் பெரிதாகக் காட்டியது. மேடைக்கு ஆகிறது என்றால் பேருந்தில் ஏறி இறங்குகிறவருக்கும் ஆகும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில், சோவியத்திலிருந்து புதிதாகப் பிரிந்து வந்த லிதுவேனியாவின் அணிக்கும் மடிப்பு உடை அவர் கொடுத்ததுதான். தினசரி உடையாக ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ வந்தது அதற்கடுத்த ஆண்டு.

துவைப்பது, வைப்பது எல்லாம் எப்படி?

குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, வலைப் பை. மடிப்புப் போகும் திசையில் கையால் நீவிவிட்டு நிழலில் போடுங்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். இஸ்திரி கூடவே கூடாது. பாலியெஸ்டர் உருகுவது சுமார் 260 டிகிரி, ஆனால் மடிப்பு குலைய அவ்வளவு சூடு வேண்டாம். இஸ்திரிப் பெட்டியின் ஒரே இழுப்பில் பல பேர் உழைப்பு தட்டையாகிவிடும். கொதிநீரும் டிரையரும் அதேபோல்தான். ஹேங்கரில் தொங்கவிடாமல் பாய் மாதிரி சுருட்டி வையுங்கள். பயணத்துக்கு இதைவிடச் சௌகரியமான உடை கிடையாது, பையில் ஒரு மூலை போதும்.

நம் வெயிலில் புழுங்காதா?

பாலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, அதை மாற்ற முடியாது. ஆனால் மடிப்பின் முகடுகள்தான் தோலைத் தொடும், பள்ளங்களில் காற்று இருக்கும், உடை ஒட்டிக்கொள்வதில்லை. அசையும்போது உள்ளே காற்று போய் வரும். அதனால் சாதாரண பாலியெஸ்டர் சட்டையைவிட எவ்வளவோ மேல். சித்திரை மதியத்தில் வெளியே நிற்பதற்கு நான் பருத்தியைத்தான் எடுப்பேன்.

மலிவாகக் கிடைக்கும் மடிப்பு உடைகள் இதே தரமா?

தையலைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். பக்கத் தையலை விரலுக்கிடையே பிடித்து மெல்ல இழுங்கள். தையலும் மடிப்போடு சேர்ந்து வளைந்து நெளிந்து விரிந்தால் தைத்த பிறகு மடித்தது. தையல் நேர்க்கோடாக இறுகி நின்று, அதன் இரண்டு பக்கமும் மடிப்பு நசுங்கியிருந்தால் மடித்த துணியை வாங்கித் தைத்தது. கழுத்து ஓரத்தையும் இப்படியே சோதிக்கலாம். இரண்டாவது வகை கெட்டது என்று சொல்லவில்லை, விலைக்கு ஏற்ற சரக்கு, ஆனால் அக்குளில் முதலில் குறை தெரிய ஆரம்பிக்கும்.

பாலியெஸ்டர் சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லையா?

பெட்ரோலியத்திலிருந்து வருவது, துவைக்கும்போது நுண்ணிழை உதிர்வது, மக்காதது, எல்லாம் உண்மை. நீண்ட நாள் உழைக்கும், இஸ்திரிக்கு மின்சாரம் வேண்டாம் என்பதும் உண்மை. மூன்று மடங்கு துணி போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் போடப் போகிறவர் வாங்கினால் கணக்கு தேறும், இரண்டு தடவை படம் எடுத்துவிட்டுப் பீரோவில் போடுகிறவருக்குத் தேறாது.

இந்தியாவோடு அவருக்கு ஏதாவது தொடர்பு?

உண்டு. அகமதாபாத்தின் டிசைனர் ஆஷா சாராபாயோடு 1984இலிருந்து சேர்ந்து வேலை செய்தார், கைத்தறியும் கைத்தையலும் சார்ந்த உடைகள். மினாகவாவும் பின்னாளில் தன் ‘ஹாட்’ பிராண்டில் இந்தியக் கைவேலையைத் தொடர்ந்து பயன்படுத்தினார். மடிப்புத் தொகுப்பு அந்த வழியில் வந்தது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அது ஜப்பானிய ஆலைகளின் செயற்கை இழையிலிருந்து பிறந்தது.

நேரில் பார்க்க முடியாதவர்கள் எங்கே தொடங்கலாம்?

இர்விங் பென் எடுத்த படங்களிலிருந்து தொடங்கலாம். 1986 முதல் 1999 வரை மியாகே உடைகளை நியூயார்க்குக்கு அனுப்பி வைப்பார், பென் தன் இஷ்டப்படி எடுப்பார், படம் எடுக்கும் இடத்துக்கு மியாகே போகவே மாட்டார். உடையின் வடிவத்தை இவ்வளவு கூர்மையாக வேறு யாரும் பிடிக்கவில்லை. ஆனால் அவையும் நின்ற படங்கள். அதனால் உடனே 1994 வசந்தகால மேடைக் காணொளியைத் தேடிப் பாருங்கள், முடிந்தால் ஒலியை நிறுத்திவிட்டு, முகத்தை விட்டு முழங்காலுக்கும் முழங்கைக்கும் பக்கத்தில் பட்டைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். தட்டையாகப் படிந்த நிலையைப் பார்க்க வேண்டுமென்றால் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் சேகரிப்புப் பக்கத்தில் தேடலாம். டோக்கியோ போகும் வாய்ப்பு இருப்பவர்கள் ரோப்பொங்கியில் மியாகே முன்னின்று தொடங்கி 2007இல் திறந்த, ததாவ் ஆண்டோ கட்டிய டிசைன் அரங்குக்குப் போகலாம், ஆனால் அங்கே மியாகே உடை எப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும்.